சோதனைக்கூடங்களை மூடாதீர்கள்: ஆராய்ச்சி மைய ஆட்சிக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆட்சிக்குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வரும் நிதியாண்டிலிருந்து நம் மையத்தின் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தையும் எஞ்சின் எரிதல் சோதனை அறையையும் மூடிவிட்டு, இரண்டு இடங்களையும் சர்வர் கூடங்களாக மாற்றப்போவதாகச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. ஓய்வுபெறும் டெக்னீஷியன்களின் இடங்கள் நிரப்பப்படாது என்றும், கணினியில் செய்ய முடிந்த ஆய்வுகளுக்கு மட்டுமே இனி நிதி என்றும் அதில் இருக்கிறது. இந்த முடிவை ஏற்க முடியாது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சோதனைக்கூடத்து ஆள் இல்லை. கணினிப் பிரிவில் இருக்கிறேன். காலையில் புரதத்தின் சிமுலேஷன், மாலையில் எஞ்சின் சிலிண்டருக்குள் தீ பரவும் சிமுலேஷன் என்று இரண்டு குழுக்களுக்கும் கணக்குப் போட்டுக் கொடுப்பவன். உங்கள் முடிவால் யாருக்கு லாபம் என்று கேட்டால், எனக்குத்தான். புது சர்வர்கள், கூடுதல் ஜி.பி.யூ.க்கள், கூடுதல் ஆட்கள் எல்லாம் எங்கள் பக்கம் வரும். ஆகவே, பிழைப்பு போகிறதே என்று புலம்புகிறவனின் கடிதம் என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். அந்த இரண்டு அறைகளும் மூடப்பட்டால், என் கணக்கு சரியா தப்பா என்று சொல்ல இந்த மையத்தில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். எனக்கு அதுதான் பயம்.

சுற்றறிக்கை, புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளான ஆல்ஃபாஃபோல்டை உதாரணம் காட்டுகிறது. நியாயமான உதாரணம்தான். 2020இல் அது காட்டிய துல்லியத்தைப் பார்த்து எங்கள் துறையே அசந்துபோனது. 2022க்குள் 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் கணிக்கப்பட்ட வடிவங்கள் பொதுவில் வந்துவிட்டன. 2024ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் ஒரு பாதி டெமிஸ் ஹசாபிசுக்கும் ஜான் ஜம்பருக்கும் இதற்காகவே கிடைத்தது. அப்புறம் எதற்கு, வடிவத்தை அளப்பதற்காக ஆய்வகத்தில் புரதப் படிகம் வளர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது உங்கள் கேள்வி.

அந்த மென்பொருள் எதைப் படித்துத் தேறியது என்று பாருங்கள். ஆய்வகங்களில் அளந்த புரத வடிவங்களைச் சேர்த்துவைக்கும் புரதத் தரவு வங்கி 1971இல் தொடங்கியபோது அதில் இருந்தவை வெறும் 7 வடிவங்கள். அதன்பின் அரை நூற்றாண்டு காலம், உலகெங்கும் ஆய்வகங்களில் புரதத்தைப் பிரித்தெடுத்து, படிகம் வளர்த்து, எக்ஸ்ரேயில் காட்டி, பிறகு என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு), கிரையோ எலெக்ட்ரான் நுண்ணோக்கி என்று புதுப்புது வழிகளில் ஒவ்வொன்றாகச் சேர்த்த வடிவங்கள்தான் அதன் பாடப்புத்தகம். பாடம் கொடுத்தவர்களே தேர்வும் வைத்தார்கள். 1994இல் தொடங்கிய காஸ்ப் என்ற புரத வடிவக் கணிப்புப் போட்டியில், ஆய்வகத்தில் கண்டுபிடித்தும் இன்னும் வெளியிடாத வடிவங்களைத்தான் கேள்வியாகக் கொடுப்பார்கள். விடையைக் கையில் வைத்திருப்பவர் ஆய்வகத்துக்காரர். அவர் இல்லையென்றால் ஆல்ஃபாஃபோல்ட் ஜெயித்தது என்று அறிவிக்கவே வழி இருந்திருக்காது.

நம் மையத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு நொதியின் கணிக்கப்பட்ட வடிவத்தை எடுத்து சிமுலேஷன் ஓட்டினோம். அந்த வடிவத்துக்கு மென்பொருள் தானே போட்டுக்கொண்ட நம்பகத்தன்மை மதிப்பெண் மிக உயர்வு. ஆனால் ஓடத் தொடங்கியதும் ஒரு வளையப் பகுதி மட்டும் நிலைகொள்ளாமல் ஆடிக்கொண்டே இருந்தது. அந்த ஆட்டத்துக்கு உயிரியல் அர்த்தம் ஏதும் உண்டா என்று குழுவில் விவாதம் நடந்துகொண்டிருந்தபோது, புரதம் பிரித்தெடுக்கும் மூத்த டெக்னீஷியன் ஒருவர் தன் குறிப்பேட்டைக் கொண்டுவந்து விரித்தார். பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: ஈ.டி.டி.ஏ. சேர்த்த பஃபரில் வேலை செய்யவில்லை.

பஃபர் என்பது புரதத்தை வைத்திருக்கும் கரைசல். ஈ.டி.டி.ஏ. உலோக அயனிகளைப் பிடித்து இழுத்துக்கொள்ளும் பொருள். அப்படியென்றால் இந்த நொதிக்கு ஓர் உலோகம் தேவை. திரும்பவும் வடிவத்தைத் திரையில் போட்டுப் பார்த்தோம். சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்கள் நான்கு, ஒரு நான்முகியின் முனைகளில் நிற்பதுபோல் உள்நோக்கித் திரும்பி நின்றன. நடுவில் காலி. துத்தநாகம் உட்காரும் இடம் அது. ஆல்ஃபாஃபோல்டின் இரண்டாம் பதிப்பு அமினோ அமிலச் சங்கிலியை மட்டுமே அடுக்கித் தரும், துத்தநாகம் அதன் விடைத்தாளிலேயே கிடையாது. அயனியை வைத்து மறுபடி ஓட்டியதும் வளையம் அடங்கிவிட்டது. அது துத்தநாகம்தான் என்று ஆய்வகத்தில் அளந்தும் உறுதி செய்தார்கள். 2024இல் வந்த அடுத்த பதிப்பு அயனிகளையும் சேர்த்துக் கணிக்கும், உண்மைதான். ஆனால் எந்த அயனியை வைப்பது என்று அதற்கு நாம்தான் சொல்ல வேண்டும். நமக்கு யார் சொல்வது? அந்தப் பென்சில் குறிப்பை எழுதியவரின் பணியிடம், நிரப்பப்படாத இடங்களின் பட்டியலில் இருக்கிறது.

கணக்கை நான் குறைத்துப் பேசவில்லை. ஜி. என். ராமச்சந்திரனும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் 1963இல் வெளியிட்ட வரைபடம் கணக்குதான். புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்கலாம், எதில் மடங்கவே முடியாது என்று இன்றும் ஒவ்வொரு வடிவத்தையும் அதில் வைத்துத்தான் சரிபார்க்கிறோம். ஆனால் அணுக்கள் ஒன்றையொன்று எவ்வளவு நெருங்கலாம் என்ற தூரங்களை அவர்கள் எடுத்தது, அளந்து தெரிந்துகொண்ட படிகங்களிலிருந்து. அதற்குப் பத்து ஆண்டுகள் முன்னால், 1953இன் தொடக்கத்தில், வேதியியலாளர் லைனஸ் பாலிங் டி.என்.ஏ.வுக்கு மூன்று இழை கொண்ட தவறான வடிவம் ஒன்றை வெளியிட்டார். வேதிப்பிணைப்பைப் பற்றி அவரைவிட அதிகம் தெரிந்தவர் அன்று யாரும் இல்லை. அவரிடம் இல்லாதது நல்ல எக்ஸ்ரே படம். அது ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் ஆய்வகத்தில் 1952இலேயே எடுக்கப்பட்டிருந்தது.

புரத சிமுலேஷனில் ஒவ்வொரு அணுவின் மேலும் செயல்படும் விசையைக் கணக்கிட, முன்கூட்டியே பொருத்திவைத்த எண்களின் பெரிய அட்டவணை ஒன்று உண்டு. குவாண்டம் கணக்கையும் ஆய்வக அளவீடுகளையும் வைத்துப் பொருத்தியவை அவை. 1977இல் முதன்முதலாக ஒரு புரதத்தை ஓட்டியபோது 10 பிக்கோ நொடிகூட எட்டவில்லை (ஒரு பிக்கோ நொடி என்பது நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு). 2010இல், அதற்கென்றே கட்டிய கணினியில், ஒரு மில்லி நொடியைத் தொட்டுவிட்டார்கள். நூறு மில்லியன் மடங்கு முன்னேற்றம். அவ்வளவு நீளமாக ஓட்ட முடிந்தபிறகுதான் அட்டவணையின் குறைகளும் வெளியே வந்தன. நிலையான வடிவம் இல்லாத புரதங்கள் கணினியில் தேவைக்கு மேல் சுருண்டு கிடந்தன. சுருண்டிருக்கிறது என்று தெரிந்தது எப்படி? கரைசலில் எக்ஸ்ரே சிதறலையும் என்.எம்.ஆரையும் வைத்து அளந்தவர்கள் சொல்லித்தான். கணினி வேகமானால் தவறான அட்டவணையும் வேகமாகத்தான் ஓடும்.

சரி, எஞ்சினுக்கு வருவோம். இங்கே நிலைமை இன்னும் மோசம். புரதங்களுக்காவது பொதுவான ஒரு தரவு வங்கி இருக்கிறது, எரிதலுக்கு அந்த அளவில் எதுவும் கிடையாது.

இயற்கை எரிவாயு எரிவதைக் கணக்கிட உலகம் முழுக்கப் பயன்பட்ட ஜி.ஆர்.ஐ. மெக் 3.0 என்ற வினைத்தொகுப்பில், அதாவது வேதிவினைகளின் பட்டியலில், 53 வேதிப்பொருள்களும் 325 வினைகளும் இருக்கின்றன. பெட்ரோலுக்குப் பதிலாக ஐசோ ஆக்டேனை வைத்துக் கணக்குப் போடப்போனால் வினைகள் ஆயிரக்கணக்கில் போய்விடும். ஒவ்வொரு வினைக்கும் வேக எண்கள் உண்டு, அவற்றில் பல உத்தேச மதிப்புகள். வாயுவை ஒரு நொடிக்குள் சூடாக்கும் அதிர்வலைக் குழாயில் எரிவாயு பற்றிக்கொள்ள ஆகும் நேரம், தீ பரவும் வேகம் போன்ற அளவீடுகளோடு ஒத்துப்போகும்வரை அந்த எண்களைத் திருத்தித்தான் தொகுப்பையே உருவாக்குகிறார்கள். அளவீட்டை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது உத்தேசம் மட்டும்.

அந்தப் பட்டியலில் இல்லாத பொருளைக் கணினி ஒருநாளும் தானாகக் கண்டுபிடிக்காது. 2005இல் சிங்க்ரோட்ரான் என்ற துகள் முடுக்கியின் ஒளியையும், மூலக்கூறுகளை நிறைவாரியாகப் பிரித்துக் காட்டும் நிறைநிரல்மானியையும் வைத்துத் தீச்சுடரை ஆராய்ந்தபோது, ஈனால் என்ற வகைக் கரிமப் பொருள்கள் பல எரிபொருள்களின் சுடர்களில் சாதாரணமாக இருப்பது தெரியவந்தது. அதுவரை வழக்கத்தில் இருந்த கணினி மாதிரிகளில் அவற்றுக்கு இடமே இல்லை. எதிர்ப்பக்கத்திலும் உதாரணம் உண்டு, மறைக்க வேண்டியதில்லை: எஞ்சினில் எரிபொருள் தானே பற்றுவதற்குக் காரணமான கீட்டோஹைட்ரோபெராக்சைடுகளை மாதிரிகள் முதலில் ஊகித்தன, நேரடியாக அளந்து காட்டியது 2010இல்தான். இரண்டிலும் முடித்து வைத்தது அளவீடு.

டீசல் தெளிப்பைப் பற்றி முன்பு ஒரு சித்திரம் இருந்தது. புகைக்கரி தெளிப்பின் வெளி ஓரத்தில், ஓடுபோல, உருவாகிறது என்று நம்பினார்கள். எரிதல் ஆய்வாளர் ஜான் டெக் லேசர் ஒளியைத் தகடுபோல் விரித்து எரியும் தெளிப்பை வெட்டிப் பார்த்தபோது குறுக்குவெட்டு முழுவதும் புகைக்கரி இருந்தது. 1997இல் அவர் வரைந்த புதிய சித்திரத்தை வைத்துத்தான் இன்றைய டீசல் மாதிரிகளைச் சோதிக்கிறோம். கண்ணாடிச் சன்னல் வைத்த எஞ்சினும் அதை ஓட்டத் தெரிந்த ஆளும் இல்லாமல் அது நடந்திருக்காது.

பெட்ரோல் டர்போ எஞ்சின்களில் குறைந்த வேகத்தில் திடீரென்று முன்கூட்டியே பற்றி பிஸ்டனையே உடைக்கும் கோளாறு வந்ததே, அது நினைவிருக்கும். எரிபொருள் நேரடித் தெளிப்பு, அழுத்தம், வெப்பம் என்று எல்லாவற்றையும் சந்தேகித்தார்கள். சோதனை மேடையில் எஞ்சின் ஆயிலை மாற்றி மாற்றி ஓட்டியபோது, ஆயிலில் சேர்க்கும் கால்சியம் வகைத் துப்புரவுப் பொருளுக்கும் இதற்கும் உறவு இருப்பது தெரிந்தது. 2018இல் ஆயிலின் தரக்குறியீடே இதற்காகத் திருத்தப்பட்டது. எங்கள் எரிதல் சிமுலேஷன்களில் ஆயில் என்று ஒரு பொருளே இருக்காது. இல்லாத ஒன்றின் மேல் சந்தேகம் எப்படி வரும்?

இனி நம் சோதனை அறையில் நடந்தது. நேரடித் தெளிப்பு பெட்ரோல் எஞ்சின் ஒன்றுக்கு நான் செய்த சிமுலேஷனும் சிலிண்டர் அழுத்த அளவீடும் ஒன்றின்மேல் ஒன்று வைத்ததுபோல் பொருந்தின. உங்கள் ஆட்சிக்குழுவின் முன்னிலையிலேயே அந்த வரைபடம் காட்டப்பட்டது. பாராட்டினீர்கள். ஆனால் புகைத்துகள் எண்ணிக்கை மட்டும் ஒட்டவில்லை. அளந்தது அதிகம், கணித்தது மிகக் குறைவு. சோதனை அறை நண்பர்கள் குவார்ட்ஸ் சன்னல் வழியே அதிவேகக் கேமராவில் படமெடுத்தார்கள். முதலில் நீலச் சுடர் நடுவிலிருந்து விரிந்து சுவரைத் தொட்டு முடிகிறது. அழுத்த வரைபடத்தைப் பொறுத்தவரை கதை அங்கேயே முடிந்துவிட்டது. படத்தில் முடியவில்லை. பிஸ்டன் தலையில் ஓரிடத்தில் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்த எரிபொருள், மஞ்சளாக, சோம்பலாக எரிந்துகொண்டே பிஸ்டனோடு கீழே இறங்கியது. புகைத்துகள் அங்கிருந்துதான் வந்தது. அந்தத் தீயில் வெளியாகும் வெப்பம் மிகக் கொஞ்சம், ஆகவே அழுத்தத்தில் தடமே இல்லை.

அழுத்தக் கோடு பொருந்திவிட்டது என்பதை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். அந்தக் கோட்டைப் பொருத்த எங்களிடம் எத்தனையோ திருகுகள் உண்டு: கொந்தளிப்பு மாதிரி, தெளிப்புத் துளி உடைவது, சுவருக்குப் போகும் வெப்பம். இரண்டு பிழைகள் எதிரெதிராக இழுத்து ஒன்றையொன்று மறைத்துவிட்டாலும் கோடு அழகாகத்தான் பொருந்தும். கோட்டிலேயே பிசகு இருக்கலாம் என்பது தனிக்கதை. பிஸ்டன் மேலுச்சிக்கு வரும் கிராங்க் கோணத்தை ஒரு டிகிரி தவறாகக் குறித்தால் எஞ்சின் செய்த வேலையின் கணக்கு 10 சதவீதம்வரைகூடத் தப்பிப்போகும். அந்த ஒரு டிகிரியை உட்கார்ந்து சரிசெய்பவரின் பெயர் எங்கள் கட்டுரைகளின் ஆசிரியர் பட்டியலில் பெரும்பாலும் வராது. அது எங்கள் துறையின் கெட்ட பழக்கம்.

அளவீடுகள் வேண்டுமானால் மற்ற ஆய்வகங்கள் வெளியிட்டவற்றை எடுத்துக்கொள்ளலாமே என்று சுற்றறிக்கையில் ஒரு வரி வருகிறது. எடுத்துக்கொள்கிறோம், தினமும்தான். ஆனால் அவை அவர்களின் கேள்விக்காக எடுத்த அளவீடுகள். எரிதல் ஆய்வாளர்கள் பல நாடுகளில் ஒரே நிலைமையில் சோதிப்பதற்காக ஸ்பிரே ஏ என்று ஒன்றை வகுத்தார்கள்: டோடெக்கேன் எரிபொருள், 900 கெல்வின் வெப்பம், 90 மைக்ரான் துளை. ஒரே மாதிரி என்று வாங்கிய இன்ஜெக்டர்களை எக்ஸ்ரேயில் பார்த்தபோது துளைகளின் விட்டமும் உள்வடிவமும் ஒன்றுக்கொன்று மாறியிருந்தன. அளந்த ஆட்கள் பொறுப்பாக அதையும் வெளியிட்டதால் கணக்குப் போடுபவர்கள் பிழைத்தோம். எல்லாரும் அப்படி வெளியிடுவதில்லை. வேலை செய்யாத பஃபர், வெடித்த சீல், வளராத படிகம் எதுவும் கட்டுரையில் வராது. பக்கத்து அறைக்குப் போய்க் கேட்டால்தான் தெரியும். தவிர, ஒவ்வொரு மையமும் மற்றவர்கள் அளக்கட்டும் என்று நினைத்தால், அண்டாவில் ஆளுக்கொரு சொம்புப் பால் ஊற்றச் சொன்னபோது ஊரே தண்ணீர் ஊற்றிய கதைதான் ஆகும்.

உங்கள் எதிர்காலத் திட்டத்தில் அம்மோனியா, ஹைட்ரஜன் எஞ்சின்கள் முதலிடத்தில் இருக்கின்றன. அம்மோனியாவின் தீ காற்றில் நொடிக்கு சுமார் 7 சென்டிமீட்டர் வேகத்தில்தான் பரவும், மீத்தேனுடையது அதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல். இவ்வளவு மெதுவான தீயைப் பற்றி இப்போது கிடைக்கும் வினைத்தொகுப்புகளே தங்களுக்குள் ஒத்துப்போவதில்லை, எஞ்சினின் உயர் அழுத்தத்தில் இன்னும் விலகுகின்றன. எதை நம்புவது என்று தீர்மானிக்கும் அறையை மூடிவிட்டு அம்மோனியா ஆராய்ச்சி செய்யச் சொல்கிறீர்கள்.

செலவு அதிகம் என்பதையும், எரிபொருள் சேமிப்பில் பாதுகாப்புச் சிக்கல்கள் உண்டு என்பதையும் நான் மறுக்கவில்லை. சோதனை அறை பல நாள் சும்மா கிடக்கிறது என்பதும் உண்மைதான். அதற்கு மருந்து பகிர்வு. சுடருக்குள் ஹைட்ராக்சில் என்ற சிறு மூலக்கூறு எங்கே இருக்கிறது என்று பார்ப்பதும், செல்லுக்குள் ஒளிரும் புரதம் எங்கே போகிறது என்று பார்ப்பதும் அடிப்படையில் ஒளியூட்டி ஒளிர்வைப் படமெடுக்கும் வேலைதான். இரண்டு குழுவும் நிறைநிரல்மானி வைத்திருக்கின்றன, லேசர் வைத்திருக்கின்றன, உணர்திறன் மிக்க கேமரா வைத்திருக்கின்றன. தனித்தனியாக வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் பூட்டைத் திறக்கச் சொல்லி நீங்கள் சுற்றறிக்கை விட்டிருந்தால் நான் முதல் ஆளாக வரவேற்றிருப்பேன்.

மூடியதைப் பிறகு திறந்துகொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். −80 டிகிரி ஃப்ரீசரில் இருக்கும் பாக்டீரியா இருப்புகளும் புரத மாதிரிகளும் ஒருமுறை உருகினால் போச்சு. சோதனை மேடையின் சென்சார்களுக்கு அளவுத் திருத்த வரலாறு அறுந்தால் பழைய தரவோடு புதியதை ஒப்பிட முடியாது. ஆட்கள் போனால் திரும்ப மாட்டார்கள்.

ஆகவே கேட்கிறேன். அந்தச் சுற்றறிக்கையை உடனே நிறுத்திவையுங்கள். இரண்டு துறைகளின் சோதனை ஆய்வாளர்களும் கணினி ஆய்வாளர்களும், மையத்துக்கு வெளியே இருந்து சிலரும் அடங்கிய குழுவை அமைத்து, அதன் அறிக்கை வந்தபிறகு முடிவெடுங்கள். முடிவு எதுவானாலும் அதுவரை ஃப்ரீசர்களின் மின் இணைப்பையோ மாதிரிகளையோ, அளவுத் திருத்தம் செய்த கருவிகளையோ தொடக் கூடாது என்று எழுத்தில் உத்தரவிடுங்கள்.

டெக்னீஷியன் பணியிடங்களை நிரப்புங்கள். ஓய்வுபெறுபவர் கிளம்பிய பிறகு அல்ல, அவர் இருக்கும்போதே புதியவர் வந்து கூட நின்று கற்கும்படி. அவர்களின் குறிப்பேடுகளை மையத்தின் ஆவணமாகப் பாதுகாக்க ஏற்பாடு செய்யுங்கள், கட்டுரைகளில் அவர்களின் பெயர் வருவதை விதியாக்குங்கள்.

இனி நிதி கேட்டு வரும் ஒவ்வொரு கணினி ஆய்வுத் திட்டமும், என்னுடையது உட்பட, எந்த அளவீட்டை வைத்துச் சரிபார்க்கப்படும் என்று முதலிலேயே சொல்ல வேண்டும், அதற்கான பணத்தையும் ஒதுக்க வேண்டும். முடிந்த இடங்களிலெல்லாம், சோதனை நடப்பதற்கு முன்பே கணிப்பை உறையிலிட்டு ஒப்படைக்கும் முறையைக் கொண்டுவாருங்கள். புரதக்காரர்கள் 1994 முதல் செய்வதை எஞ்சின்காரர்களும் செய்யட்டும்.

லேசர், நிறைநிரல்மானி, கேமராக்களை இரண்டு குழுக்களும் பகிர்ந்துகொள்ள ஒரு பொது அட்டவணையும் பொறுப்பாளரும் வேண்டும். கடைசியாக, இந்த முடிவு எடுக்கப்பட்ட கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை ஊழியர்கள் எல்லாரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். இந்த மடலுக்கான பதிலை, அடுத்த ஆட்சிக்குழுக் கூட்டத்துக்கு முன்பாக எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
மையத்தின் கணினிப் பிரிவு ஆய்வாளர்